சோபாவுக்கு மேலே உள்ள சுவர்: இன்டீரியர் கண்காட்சியில் ஓவியருக்கு என்ன வேலை?

இன்டீரியர் கண்காட்சியில் ஒரு சின்ன ஸ்டால் எடுத்தால் பெரும்பாலும் கிடைப்பது மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடம். மூன்று பக்கமும் வெள்ளைப் பலகை, நடுநடுவே அலுமினியக் கம்பம், முன்னால் ஸ்டால் பெயர் ஒட்டிய பட்டை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மூன்று ஸ்பாட் லைட், ஒரு பிளக் பாயின்ட். இதற்கு ஆக்டோநார்ம் என்று பெயர். பலகையில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது, மீறினால் பலகைக்கான காசைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு பலகையும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். கம்பம் பலகையைவிடக் கொஞ்சம் புடைத்து நிற்பதால், நாலடி அகலக் கேன்வாஸை மாட்டினால் அது கம்பத்தின் மேல் ஏறி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். மேல் குறுக்குக் கம்பியில் கொக்கி போட்டு, கயிறோ சங்கிலியோ விட்டுத்தான் படத்தைத் தொங்கவிட முடியும். யாராவது வேகமாக நடந்து போனால்கூட லேசாக ஆடும்.

எனக்குத் தெரிந்த ஓவியர் ஒருவர் முதல் தடவையாக இப்படி ஒரு ஸ்டால் எடுத்தபோது மூன்று நாளும் துணைக்கு நின்றேன். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் கடைசிப் படத்தையும் மாட்டி முடித்து லைட்டைப் போட்டதும் அண்ணன் முகம் மாறிவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டின் செம்மண்ணை அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்திருந்தார். சிவப்புக்குள் சிவப்பு, அதற்குள் கொஞ்சம் ஆரஞ்சு, பனை நிழல் விழும் இடத்தில் ஊதா. அந்தப் படம் அங்கே நின்றதோ சேற்று நிறத்தில்.

படத்தில் ஒரு குறையும் இல்லை, விளக்குதான் காரணம். மலிவான வெள்ளை எல்இடி விளக்குகளின் ஒளியில் நீலம் தூக்கலாகவும் ஆழ்ந்த சிவப்பு குறைவாகவும் இருக்கும். ஒளியில் சிவப்பு இல்லை என்றால் சிவப்பு வண்ணம் எதைத் திருப்பி அனுப்பும்? ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணால் சொல்வார்கள், சிஆர்ஐ என்று பெயர். வீட்டுக்கு வாங்கும் சாதாரண எல்இடி 80 அளவில் இருக்கும், ஓவியத்துக்கு 90க்கு மேல் வேண்டும். அண்ணன் தன் வீட்டுப் பட்டறைக்காகப் பாரிமுனையில் வாங்கிவைத்திருந்த மூன்று விளக்குகளை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்தார். ஹாலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஏணியில் ஏறி மாட்டிவிட்டு, கீழே இறங்கிப் படத்தைப் பார்த்து, "அண்ணே, இது இப்பதான் தேரியாட்டம் இருக்கு" என்றான். சொந்த ஊர் சாத்தான்குளமாம். அந்த மூன்று நாளில் அந்தப் படத்துக்குக் கிடைத்த பாராட்டுகளில் எனக்கு நினைவிருக்கும் முதல் பாராட்டு அதுதான்.

சரி, ஒரு ஓவியர் ஏன் இங்கே வர வேண்டும்? நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையம், பெங்களூரு பிஐஇசி, ஐதராபாத் ஹைடெக்ஸ் போன்ற பெரிய ஹால்களில் நடக்கும் கட்டுமான, இன்டீரியர் கண்காட்சிகளுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லாமே பொருள். மாடுலர் கிச்சன், வெனீர், லேமினேட், குளியலறைக் குழாய், திரைத்துணி, கதவுக் கைப்பிடி, ஃபால்ஸ் சீலிங். வருபவர்கள் ஆர்க்கிடெக்ட், இன்டீரியர் டிசைனர், கான்ட்ராக்டர், பில்டர், ஹோட்டல்காரர்கள், அப்புறம் புதுவீடு கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள். ஓவியக் கேலரிக்கு வருகிறவர் படம் பார்க்க வருகிறார், இங்கே வருகிறவர் கையில் ஒரு வீட்டுத் திட்டம் இருக்கிறது, அந்த வீட்டில் வெறுமையாக ஒரு சுவர் இருக்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் ரொம்பப் பெரிய வித்தியாசம். கேலரி விற்றுக் கொடுத்தால் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும் எடுத்துக்கொள்வது வழக்கம். கேலரியே எட்டிப் பார்க்காத ஓவியர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கு வாங்கக்கூடியவரை நேருக்கு நேர் சந்திக்கும் வாய்ப்பு இப்படிப்பட்ட இடத்தில்தான் கிடைக்கிறது.

ஆனாலும் ஓவியர்கள் மத்தியில் இதற்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. "குழாய் விக்கிற எடத்துல படத்த வெக்கிறதா?" என்று அண்ணனிடமே ஒரு பழைய நண்பர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓவியம் என்பது அறையின் ஒரு பகுதியா, தன்னளவில் தனித்து நிற்கும் ஒன்றா என்று நூறு, நூற்றைம்பது வருடமாக ஓவியர்கள் மோதிக்கொண்டிருக்கும் விஷயம் இது.

1912ஆம் வருடம் பாரிஸில் நடந்ததைப் பார்ப்போம். இலையுதிர்காலத்தில் நடக்கும் சலோன் தோத்தோன் என்ற பெரிய கண்காட்சியில் ஓவியம், சிற்பத்தோடு வீட்டு அலங்காரக் கலைகளுக்கும் ஒரு பிரிவு உண்டு. அந்த வருடம் ஆந்த்ரே மார் என்ற அலங்காரக் கலைஞர் ஒரு வீட்டையே கட்டிக் காட்டினார். முகப்பு ரேமோன் துஷான் வில்லோன் என்ற சிற்பி செய்தது, பத்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம், பிளாஸ்டரில் கோணம் கோணமாக. உருவங்களைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிசப் பாணி அது, அதனால் மக்கள் அதைக் கியூபிச வீடு என்று கூப்பிட்டார்கள். உள்ளே போனால் ஒரு வரவேற்பறை, ஒரு படுக்கையறை. பூப்போட்ட சுவர்த்தாள், சோபா, கணப்பு, கண்ணாடி என்று நடுத்தரக் குடும்பத்து வசதியான அறைதான். அந்தச் சுவர்களில்தான் மெட்சிங்கர், கிளேஸ், லெஜே, மாரி லோரன்சான் ஆகியோரின் அசல் ஓவியங்கள் மாட்டப்பட்டிருந்தன. அந்தக் காலத்தில் பார்த்தவர்களைக் கொதிக்கவைத்த கியூபிச ஓவியங்கள், ஒரு சோபாவுக்கு மேலே! அந்த டிசம்பரில் பிரெஞ்சு நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. அரசாங்கக் கட்டடத்தில் இந்த மாதிரிப் படங்களுக்கு இடம் கொடுக்கலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்க, மார்செல் செம்பா என்ற இன்னொரு உறுப்பினர் எழுந்து ஓவியர்களுக்காகப் பேசினார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. அதே வருடம் கிளேஸும் மெட்சிங்கரும் சேர்ந்து எழுதியபோது, ஓவியம் தன் இருப்புக்கான காரணத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, அதைத் தேவாலயத்திலிருந்து வரவேற்பறைக்கும் அருங்காட்சியகத்திலிருந்து படிப்பறைக்கும் தூக்கிக்கொண்டு போகலாம், அலங்காரத்தின் நோக்கம் அதற்கு நேர் எதிரானது என்ற பொருளில் அழுத்தமாக எழுதினார்கள். அப்படி எழுதியவர்களின் படங்கள்தான் மார் அமைத்த அலங்கார அறையில் தொங்கின. இதை முரண்பாடு என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. எந்த அறைக்குப் போனாலும் படம் தன் பலத்தில் நிற்கும் என்று நம்புகிறவர்தான் அதை எந்த அறைக்கும் அனுப்பத் துணிவார். அறைக்கு ஏற்ப மெட்சிங்கர் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை, மாரும் படத்துக்காகத் தன் பூப்போட்ட சுவர்த்தாளைக் கிழிக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இன்றைக்கு ஒரு இன்டீரியர் ஸ்டாலில் ஓவியர் நிற்கும்போது அவருக்குக் கிடைக்கக்கூடிய நல்ல முன்மாதிரி இதுதான் என்பேன்.

ஒத்துப்போகாத கதைகளும் உண்டு. 1876இல் லண்டனில் லேலண்ட் என்ற கப்பல் முதலாளி தன் பீங்கான் சேகரிப்பை வைக்கச் சாப்பாட்டு அறை ஒன்றைத் தாமஸ் ஜெக்கில் என்பவரைக் கொண்டு வடிவமைத்தார். கணப்புக்கு மேலே விஸ்லர் என்ற ஓவியரின் படம். அந்தப் படத்தின் நிறத்துக்கு அறை ஒத்துவரவில்லை என்று விஸ்லர் சில திருத்தங்களைத் தொடங்க, ஜெக்கில் உடம்பு சரியில்லாமல் ஒதுங்க, வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரத்தில் விஸ்லர் விலை உயர்ந்த தோல் பதித்த சுவர் முழுவதையும் நீலப்பச்சையாலும் தங்க மயில்களாலும் நிரப்பிவிட்டார். 2000 கினி கேட்டார் (ஒரு கினி ஒரு பவுண்டைவிடக் கொஞ்சம் அதிகம்), லேலண்ட் 1000 பவுண்டுதான் கொடுத்தார். விஸ்லர் கடைசியாக அந்தச் சுவரில் சண்டையிடும் இரண்டு மயில்களை வரைந்தார், பணக்கார மயிலின் காலடியில் காசுகள். அவ்வளவு சண்டைக்குப் பிறகும் லேலண்ட் 1892இல் சாகும்வரை அந்த அறையை மாற்றவில்லை. இன்று அது வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அற்புதமான அறைதான், ஆனால் அதில் ஜெக்கிலுக்கு நேர்ந்ததை எந்த டிசைனரும் மறக்க மாட்டார். ஓவியர் வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசத் தொடங்கினால் டிசைனர்கள் ஏன் கொஞ்சம் பதறுகிறார்கள் என்பதற்கான பதிலும் அதில் இருக்கிறது.

அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ இன்னொரு கோடி. நியூயார்க்கில் சீக்ரம் கட்டடத்தின் ஃபோர் சீசன்ஸ் உணவகத்துக்காக 1958இல் ஒப்பந்தம் எடுத்தார், அடர்சிவப்பிலும் கறுப்பிலும் முப்பது கேன்வாஸ் அளவுக்கு வரைந்தார், அடுத்த வருடம் அந்த உணவகத்தில் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தார். இங்கே என் படங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்பது இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்திடம் இருக்கின்றன. இடத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஓவியருக்கு எப்போதும் உண்டு, அதற்கு அவர் முதலில் இடத்தைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

நம் ஊர்க் கதை இன்னும் நெருக்கமானது. சென்னை எழும்பூரில் இருக்கும் ஓவியக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. ஆரம்பத்திலிருந்தே அங்கே கைத்தொழிலும் கலையும் ஒரே கூரையின் கீழ்தான். 1890களின் கடைசியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார், இந்தியாவின் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு அதுதான் தொடக்கம் என்பார்கள். நம் அம்மாக்கள் இட்லி அவித்த அந்த அலுமினியப் பாத்திரங்களின் வம்சாவளியில் ஓர் ஓவியப் பள்ளி இருக்கிறது.

அதே கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், படிப்பை முடித்த ஓவியர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதைப் பார்த்தார். அப்போது மதராஸில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் கிடையாது. அதனால் ஓவியர்கள் கூடி பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றுவது), தோல் வேலை, உலோக வேலை என்று கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். யாரோ வீட்டு ஜன்னலில் திரையாகவும், யாரோ ஹாலில் சுவர்த் தொங்கலாகவும் போன பாத்திக்தான் அந்த நிலத்துக்குக் காசு கொடுத்தது. பணிக்கர் 1963இல் தொடங்கிய சொல்லும் குறியீடும் வரிசை ஓவியங்களில் யாருடைய சோபா நிறமும் கிடையாது. கைவினை வீட்டுக்கு, ஓவியம் தனக்கு என்ற ஏற்பாடு அது. ஈசிஆரில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒருதடவை இறங்கி உள்ளே போய்ப் பாருங்கள், சாயங்காலம் போனால் வெளியே நிற்கும் சிற்பங்கள் மேல் வெளிச்சம் அழகாக விழும்.

ஆக, வீட்டு அலங்காரத்தோடு ஓவியருக்கு உறவு வைக்கலாமா என்பதை மதராஸ் அறுபது வருடத்துக்கு முன்பே யோசித்து ஒரு வழி கண்டிருக்கிறது. இன்றைக்கு இருக்கும் கேள்வி, தன் அசல் ஓவியத்தையே அந்தச் சந்தைக்குள் கொண்டுபோகும்போது எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பதுதான்.

ஸ்டாலில் நின்றால் முதல் நாள் மதியத்துக்குள் எல்லாக் கேள்வியும் வந்துவிடும். "இது பிரிண்டா, கையில வரைஞ்சதா?" "சதுர அடி என்ன ரேட்?" "இதே படம் கொஞ்சம் பெரிசா, ப்ளூல கிடைக்குமா?" "ஏழு குதிரை இருக்கா சார்?" கடைசிக் கேள்வி வாஸ்துவுக்காக. ஓடும் ஏழு குதிரைப் படத்தை மாட்டினால் வீட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அண்ணன் அப்படிக் கேட்டவர் யாரையும் முகம் சுளித்து அனுப்பவில்லை. குதிரை வரைவதில்லை என்று சொல்லிவிட்டு, உங்கள் சுவர் எந்தத் திசை பார்க்கிறது, காலை வெயில் வருமா என்று கேட்பார். பாதிப் பேர் அங்கேயே நின்று பேசத் தொடங்கிவிடுவார்கள்.

பிரிண்டா அசலா என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை, காட்ட வேண்டும். எதிர் வரிசையிலேயே கேன்வாஸ் பிரிண்ட் ஸ்டால் இருக்கும். நல்ல இங்க்ஜெட்டில் கேன்வாஸ் துணி மேலேயே அச்சடித்து, அதன் மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் தடவி, வரைந்த தடம் போலவே செய்துவிடுகிறார்கள். மூன்றடி தள்ளி நின்றால் நிபுணரே ஏமாறுவார். அண்ணன் செய்தது இதுதான். போன் டார்ச்சைப் படத்துக்குப் பக்கவாட்டில், கேன்வாஸை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். தேரிப் படத்தில் வண்ணம் கனமாக ஏறிய இடங்களின் நிழல் நீளமாக விழுந்தது. அந்த மேடு நிறம் மாறும் இடத்திலேயே மாறுகிறது, பனை நிழல் தொடங்கும் இடத்தில் தூரிகை திரும்பியிருப்பது தெரிகிறது. ஜெல் தடவிய பிரிண்டில் மேடு ஒரு பக்கம் போகும், படத்தில் உள்ள கோடு வேறு பக்கம் போகும். அப்புறம் கேன்வாஸின் ஓரத்தைக் காட்டுவார், சட்டத்தில் மடித்து அடித்த இடத்தில் கீழே இருக்கும் பழைய வண்ண அடுக்குகள் எட்டிப் பார்க்கும். பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டுவார், தேதி, கையெழுத்து, எந்த வண்ணம் என்ற குறிப்பு. பிரிண்டைக் குறை சொல்லவே மாட்டார். இரண்டும் வேறு வேறு பொருள், விலையும் வேறு, அவ்வளவுதான்.

ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் போட்டு ஓவியங்களை நிறத்தோடு அச்சடித்துப் பரப்பியதிலிருந்தே நம் வீட்டுச் சுவர் பெரும்பாலும் பிரிண்ட் சுவர்தான் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் உயரமான சுவர்களில் அந்தப் படங்கள் கீழே நிற்பவர் பார்ப்பதற்கு வாகாக முன்னால் சாய்ந்து தொங்கும். தஞ்சாவூர் ஓவியம் மட்டும்தான் பல குடும்பங்கள் பார்த்திருக்கும் அசல் ஓவியம், அதுவும் பூஜையறையில். ஹாலில் மாட்டுவதற்கென்று ஓர் உயிரோடிருக்கும் ஓவியரிடம் போய் வாங்குவது என்பது நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு இன்னும் புதுப் பழக்கம். அதனால்தான் சதுர அடி ரேட் கேட்கிறார்கள், அதில் அவமானப்பட ஒன்றுமில்லை. நம் ஊர் ஓவியர்கள் பலர் தாங்களே அளவை வைத்துத்தான் விலை போடுகிறார்கள். ஆனால் ஸ்டாலில் சதுர அடிக் கணக்கை வாயால் சொன்னால் டைல்ஸோடு ஒப்பிட்டுவிடுவார்கள் என்று அண்ணன் ஒவ்வொரு படத்துக்கும் முழு விலையைச் சின்ன அட்டையில் எழுதி ஒட்டிவிட்டார். கேலரியில் என்ன விலையோ அதே விலை. இடத்துக்கு இடம் விலை மாறினால் முன்பு வாங்கியவர் நம்பிக்கை போய்விடும்.

டிசைனர்கள் வாங்கும் விதம் தனி. ஸ்டாலில் நின்று பர்ஸை எடுப்பவர்கள் குறைவு. போட்டோ எடுப்பார்கள், அளவு கேட்பார்கள், கார்டு வாங்குவார்கள், போய்விடுவார்கள். போன் வருவது மாதக்கணக்கில் தள்ளி, அந்த சைட் முடியும் நேரத்தில். இங்கேதான் பெரிய சிக்கல். ஒரு வீட்டு வேலையில் மின்சாரம், பிளம்பிங், தரை, மரவேலை, பெயின்ட், திரைத்துணி எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வருவது ஓவியம். அதற்குள் பட்ஜெட் எல்லா இடத்திலும் எகிறியிருக்கும், வீட்டுக்காரர் களைத்திருப்பார், கிரகப்பிரவேசத் தேதி நெருங்கியிருக்கும். மிஞ்சிய காசில் ஒரு பிரிண்ட் வாங்கி மாட்டிவிடுவார்கள். ஓவியம் பிடிக்காமல் போவதில்லை, வரிசையில் அதன் இடம் கடைசி, அதனால் விழுந்துவிடுகிறது. ஓவியர் கண்காட்சியில் போய் நிற்பதற்கு, என்னைக் கேட்டால் நான் சொல்லும் முதல் காரணம் இதுதான்: வரைபடத்தில் பென்சிலால் திருத்திக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே டிசைனரைப் பிடித்துவிடலாம்.

சீக்கிரம் முடிவானால் படத்துக்கும் நல்லது. ஜிப்சம் பலகைச் சுவரில் கனமான ஃபிரேம் நிற்காது, உள்ளே பிளைவுட் வைத்து வலுப்படுத்த வேண்டும், அதைச் சுவர் மூடும் முன்பே சொன்னால்தான் உண்டு. விளக்குக்கான வயரும் அப்படித்தான். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம் வரை இருந்தால் நிற்பவர் கண்ணுக்கு வசதி என்பது அருங்காட்சியகங்களின் பழக்கம். சோபாவுக்கு மேலே என்றால் சாய்மானத்துக்கு மேல் ஒரு சாண் இடைவெளி, சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலம் என்பது டிசைனர்கள் கைக்கணக்கு. சென்னை மாதிரி கடற்கரை ஊரில் இன்னொன்றும் உண்டு. புதுச் சுவர் காய மாதங்கள் ஆகும், அதற்குள் கேன்வாஸை ஒட்டி மாட்டினால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், வேறு வழியில்லை என்றால் ஃபிரேமின் நாலு மூலையிலும் பின்னால் தக்கை ஒட்டி ஒரு விரல்கடை காற்றோட்டம் விடுங்கள்.

இப்போது பணமும் காகிதமும். கையால் வரைந்த ஓவியத்துக்கான ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. டிசைனர்களிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், அவர்கள் பட்டியலில் இருக்கும் பல பொருட்களுக்கு வரி இதைவிட அதிகம்.

காகிதத்தில்தான் ஓவியர்கள் அடிபடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், ஒரு அலுவலகத்துக்காக வரைந்து கொடுத்த படத்தைப் பிற்பாடு அந்த நிறுவனத்தின் டைரி அட்டையிலும் காலண்டரிலும் பார்த்து மனம் உடைந்துபோனார். கேட்டால், நாங்கள் காசு கொடுத்து வரையச் சொன்னதுதானே என்றார்கள். வருத்தமான விஷயம், சட்டம் அந்த இடத்தில் ஓவியர் பக்கம் இல்லை. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஓவியர் தானாக வரைந்து வைத்திருந்த படத்தை விற்றால் கேன்வாஸ்தான் கைமாறும், பதிப்புரிமை அவரிடமே இருக்கும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய அது போகாது. அப்படி எழுதிக் கொடுத்தாலும் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான். ஆனால் ஒருவர் பணம் தந்து, அவர் கேட்டுக்கொண்டபடி வரைந்த ஓவியம் என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பதிப்புரிமைக்கு முதல் சொந்தக்காரர் வரையச் சொன்னவர்தான். 17ஆம் பிரிவு சொல்வது இது. இன்டீரியர் சந்தையில் பாதி வேலை "இந்தச் சுவருக்கு இந்த அளவில் வரைந்து கொடுங்கள்" என்ற கதைதானே? அதனால் முன்பணம் வாங்கும் முன்பே, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அரைப் பக்கம் போதும்.

உரிமையே கைமாறினாலும் ஓவியரிடம் தங்கும் ஒன்று உண்டு. படைப்பைச் சிதைத்துத் தன் மதிப்பைக் கெடுத்தால் எதிர்த்துக் கேட்கும் உரிமை, 57ஆம் பிரிவு. இதற்கு உயிர் கொடுத்தவர் சிற்பி அமர்நாத் சேகல். டெல்லி விஞ்ஞான் பவனின் சுவரில் 140 அடி நீளத்துக்கு அவர் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை, 1979இல் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அவரைக் கேட்காமலேயே பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிஞ்சிய பாகங்களை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. ஓர் அறையின் அழகுக்காகச் செய்த படைப்பு என்பதால் அதை அறையின் மரச்சாமான் போலத் தூக்கிப்போட முடியாது என்பதற்கு, இன்டீரியர் வேலையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டிய தீர்ப்பு இது.

நிறத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பவர்களிடம் என்ன சொல்வது? அண்ணன் வைத்திருக்கும் வழி எனக்குப் பிடித்திருந்தது. அளவு, நீளவாக்கா அகலவாக்கா, எவ்வளவு கனம், எப்போது வேண்டும், இதையெல்லாம் டிசைனர் சொல்லலாம். எதை வரைவது, எந்த நிறத்தில் என்பது அண்ணன் முடிவு. நீல மெத்தைக்கு நீலப் படம் கேட்ட ஒரு டிசைனரிடம், "மெத்தைய ஏழெட்டு வருஷத்துல மாத்திருவீங்க சார், படம் அங்கயேதான் இருக்கும்" என்று சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே போனார், வாங்கவில்லை. அதற்காக அண்ணன் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

மூன்று நாளில் ஸ்டாலிலேயே விற்றது இரண்டு சின்னப் படங்கள். மூன்றாம் நாள் மதியம், கூட்டம் குறைந்த நேரத்தில், ஓர் இளம் ஆர்க்கிடெக்ட் உள்ளே வந்தார். தேரிப் படத்துக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசவே இல்லை. அப்புறம் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து மேஜை மேல் விரித்தார். ஒரு வீட்டு முன்கூடம், ஏழடிச் சுவர்.

"சார், இதோட வெயிட் எவ்வளவு? லைட் மேலேர்ந்து வரணுமா, பக்கத்துலேர்ந்தா? திங்கக்கிழமை எலக்ட்ரீஷியன் பைப் போட வராங்க, அதுக்குள்ள சொல்லிட்டீங்கன்னா பாயின்ட் மாத்திடலாம்."

அண்ணன் வரைபடத்தில் எதையும் குறிக்கவில்லை. சுவரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் போனோம். கூரை போட்டிருந்தது, ஜன்னல் இன்னும் வைக்கவில்லை, தரையெல்லாம் மணல். சுவர் பூசாத செங்கல். அண்ணன் வாசலிலிருந்து நாலு தடவை நடந்து வந்து பார்த்தார், ஒன்பது மணி வெயில் எதுவரை ஏறுகிறது என்று நின்று பார்த்தார். பிறகு டேப்பைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சாக்பீஸால் செங்கல் மேல் நாலு மூலையையும் குறித்து, மேலே ஒன்றரை அடி தள்ளி விளக்குக்கு ஒரு வட்டம் போட்டார்.